சம்பந்தி விற்ற கார்

பிஷ்கெக்கில் கார் வைத்திருக்கிற எவனும் அதற்குப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. எண்ணெய் எப்போது மாற்றினாய் என்று கேட்டால், போன நோன்புக்கு முன்னால் என்பான், இல்லாவிட்டால் மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தானே அப்போது என்பான். நான் அப்படியில்லை. சோவியத் காலத்து லாரி டிப்போவில் தொழில் கற்றவன். அங்கே ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மறந்தால் மறுநாள் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். நாடு போயிற்று, டிப்போ போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை. என் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புத்தகம் போட்டுக் கொடுப்பேன். செய்த வேலை, தேதி, ஓடிய தூரம், கீழே வட்டமாக நீல முத்திரை: 'சபார் உஸ்தா'. கைத்தொழில்காரனை நாங்கள் உஸ்தா என்போம். என்னை குமாஸ்தா உஸ்தா என்று கேலி பேசினார்கள். பேசினவர்களே வண்டியை விற்கப் போகும்போது அந்தப் புத்தகத்தை வீடெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். கார் சந்தையில் என் நீல வட்டத்துக்கு மதிப்பு இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் செய்யாத வேலைக்கு அதை ஒரு தடவைகூட நான் குத்தியதில்லை.

இவ்வளவு பெருமை எதற்கு என்றால், புத்தகத்தில் மூன்று வருஷம் வெறுமையாகக் கிடந்த ஒரு காரை, கண்ணைத் திறந்துகொண்டே, என் பெண்டாட்டியின் கல்லறைப் பணத்தைக் கொடுத்து வாங்கினவனும் நான்தான்.

காலிபா செப்டம்பரில் போய்விட்டாள். ஒரு வருஷம் முடிவதற்குள் தலைமாட்டில் கல் நட வேண்டும். வருஷ நாளில் குதிரை அறுத்து ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டும். கல்லுக்கென்று பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கறுப்புக் கல், அதில் அவள் முகம். செதுக்குகிறவனிடம் கொடுக்கப் போட்டோவும் எடுத்து வைத்திருந்தேன். தலைக்குட்டை ஒரு பக்கம் சரிந்து, யாரையோ நன்றாகத் திட்டி முடித்துவிட்டுச் சிரிக்கிற போட்டோ. திட்டு வாங்கினது நானாகத்தான் இருக்கும். அதுவரைக்கும் மண்மேட்டில் ஒரு தகரப் பலகை, அதில் பெயின்ட்டால் அவள் பெயர்.

ஏப்ரலில் என் மகள் நூர்ஸாத் போன் செய்தாள். ஒரே பிள்ளை. கட்டிக்கொடுத்து ஆறு வருஷம், மூன்று வயதில் மீரிம் என்று ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை எமில் போன் கடை வைத்திருக்கிறான். கடையைவிட அவனுக்குக் காரில்தான் கண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து வந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையைத் தடவுகிற மாதிரி தாழ்வாக இருக்கும், ஸ்டீயரிங் வலது பக்கம். பின்னால் பேருக்கு ஒரு சின்ன சீட், குழந்தையைத்தான் உட்கார வைக்கலாம். அதை விற்கப் போகிறார்கள், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

"எனக்கெதுக்கும்மா அது? உள்ள உக்காந்தா வெளிய எடுக்க க்ரேன் வரணும்."

"ஓட்டறதுக்கா சொல்றேன்? வாங்கி, சரிபண்ணி, உங்க முத்திரையப் போட்டு வித்துடுங்க. அம்மா கல்லுக்கும் ஆச்சு, வருஷச் சோத்துக்கும் ஆச்சு." பிறகு, "இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல அத்தா," என்றாள்.

அது உண்மை. கல்யாணத்துக்குக்கூட அவள் ஒன்றும் கேட்டதில்லை. காலிபாதான் கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போனேன். சம்பந்தி அசான்குல் மாவு மில் முதலாளி, பெரிய குரல், பெரிய வயிறு, பேச்சில் குறை வைக்காத மனிதர். கதவுக்கு எதிரே மேலிடத்தில் என்னை உட்கார வைத்தார். கறி வந்தது, பொரித்த ரொட்டி வந்தது, நூர்ஸாத் குனிந்து குனிந்து தேநீர் ஊற்றினாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, மாமனார் வீட்டில் மருமகள் அப்படித்தான் இருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன். மழை, மாவு விலை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அசான்குல் காரின் புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

ஜப்பான் புத்தகம். எழுத்து புரியாவிட்டால் என்ன, எண்கள் எல்லா ஊரிலும் எண்கள்தானே. ஒன்பது வருஷமும், ஆறு மாதத்துக்கு ஒரு முத்திரை, பிசகாமல். நல்ல வீட்டில் வளர்ந்த வண்டி. அதன் பிறகு ஒன்றும் இல்லை. கப்பலேறி, ரயிலேறி இங்கே வந்திறங்கின சீட்டில் இருந்த தேதி, கடைசி முத்திரைக்கு மூன்று வருஷம் கழித்து. நடுவில் வெள்ளைப் பக்கங்கள்.

வேறு யாருடைய வண்டியாவது என்றால் முதல் கேள்வியே, இந்த மூன்று வருஷம் இது எங்கே இருந்தது என்பதுதான். இரண்டாவது வேலை, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்ப்பது. ஆனால் சம்பந்தியின் வண்டியை லிஃப்டில் ஏற்றுவது, அவர் வீட்டம்மா போட்ட சோற்றை மோந்து பார்ப்பது மாதிரி. எங்களில் அதை யாரும் செய்ய மாட்டார்கள். செய்தால் அந்த நிமிஷமே உறவு அறுந்துபோகும். பக்கத்தைத் திருப்பினேன், மூடினேன், நல்ல வண்டி என்றேன். பணத்தைக் கொடுத்தேன். அசான்குல் என்னைக் கட்டிப்பிடித்து, பூவேலை செய்த ஒரு நீளமான மேலங்கியை என் தோளில் போர்த்தினார். நீலவெல்வெட், விலை உயர்ந்தது. காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அறுபத்தொரு வயதில் சிவப்புக் கார். காலிபா பார்த்திருந்தால் சிரித்தே விழுந்திருப்பாள்.

மறுநாள் காலை அதை லிஃப்டில் ஏற்றினேன். என் வண்டியாகிவிட்டது, இனி யாருக்கு அவமானம்?

முன்சீட்டுக்குப் பின்னால், வண்டித் தரையின் குறுக்கே ஒரு கோடு. மேலே தார் பூசியிருந்தார்கள், தார் வெடித்து உதிர்ந்த இடத்தில் வெல்டிங் தெரிந்தது. உள்ளே ஏறி கார்ப்பெட்டைத் தூக்கினேன். அங்கேயும் அதே கோடு. கதவுத் தூணிலும் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் பாடி வேலை செய்யும் கேனாவைக் கூப்பிட்டேன். ரஷ்யக்காரன், வெல்டிங்கில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முன் சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருந்த துணிச்சீட்டைப் புரட்டிப் பார்த்தான், பெல்ட் செய்த வருஷம் அதில் இருக்கும். பிறகு பின் சீட் பெல்ட்டைப் பார்த்தான். இரண்டுக்கும் நாலு வருஷம் வித்தியாசம்.

"உஸ்தா, இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு."

முன்பாதி ஒரு கார், பின்பாதி வேறொரு கார். ஜப்பானிலேயே குறுக்கே அறுத்து, உதிரிபாகம் என்று சீட்டெழுதி இறக்கி, இங்கே எவனோ ஒட்டியிருக்கிறான். கேனா விரல் நகத்தால் வெல்டிங்கைச் சுரண்டினான். விட்டு விட்டுப் போட்டிருந்தது, நடுவே துரு, துருவுக்கு மேல் புட்டி பூசிப் பெயின்ட். புத்தகம் முன்பாதியுடையது. அந்த மூன்று வருஷமும் முன்பாதி எங்கோ மோதி, ஏதோ ஒரு காயலான் கடையில் செத்துக் கிடந்திருக்கிறது. செத்த வண்டிக்கு எவன் எண்ணெய் மாற்றுவான்? பின்பாதிக்குப் புத்தகமே இல்லை. அது எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது.

"இதுல யாராவது ஓட்டினாங்களா?" என்று கேட்டான் கேனா.

இரண்டு கோடைக்காலம், ஏரிக்கு, பூம் கணவாய் வழியாக. எமில் ஓட்ட, நூர்ஸாத் முன்னால், மீரிம் பின்னால். போட்டோகூட அனுப்பியிருந்தாள். லிஃப்டுக்குக் கீழே இருந்த டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அசான்குல்லுக்குப் போன் போட எத்தனை தடவை கையில் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. என்ன சொல்வது? செத்த வண்டியை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றா? அவர் பணத்தைத் திருப்பித் தரத்தான் செய்வார், மறுநாளே தருவார், முகத்தில் எறிகிற மாதிரி தருவார். அதற்கப்புறம் அந்த வீட்டு அடுப்படியில் நிற்கப்போவது நானா, நூர்ஸாத்தா? இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பின பெண்களை எனக்குத் தெரியும். குழந்தையை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அசான்குல்லுக்கே இது தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

காரைப் பட்டறையின் பின்பக்கம் நிறுத்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். அசான்குல் மாதம் ஒரு தடவை போன் செய்வார். சம்பந்திகள் ஒருவரையொருவர் குதா என்போம்.

"எப்படி குதா, நம்ம குதிரை ஓடுதா?"

"பறக்குது குதா."

ஊர் சும்மா இருக்குமா? கல்லுக்கு வைத்திருந்த பணத்தில் கிழவன் சிவப்புக் கார் வாங்கிவிட்டான் என்று பேச்சு. எவளையோ பார்த்து வைத்திருக்கிறான், அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றத்தான் என்றும் ஒரு பேச்சு. காலிபாவின் அண்ணன் போலோத் ஒரு நாள் பட்டறைக்கே வந்தார். நல்ல மனிதர், தங்கை மேல் உயிர். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சிவப்பு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும் மாப்பிள்ளை. தகரம் போதும் என் தங்கச்சிக்கு," என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அவர் பின்னாலேயே ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அவரிடம் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் அசான்குல் காதுக்குப் போய்விடும். அதனால் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஜூலையில் ஒரு பெண் பல் டாக்டர் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கார் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் உஸ்தா, இனி கொஞ்சம் மலையைப் பார்க்கப் போகிறேன் என்றாள். தார்ப்பாயை எடுத்ததும் சின்னப் பெண் மாதிரி அவள் முகம் மலர்ந்தது. புத்தகத்தைக் கேட்டாள், புரட்டினாள், வெள்ளைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதுக்கு நீங்க வேலை செஞ்சு முத்திரை போட்டுக் குடுத்தா போதும். நான் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டேன்."

உள்ளே போய்ப் புத்தகத்தை மேஜை மேல் விரித்து வைத்தேன். முத்திரையை மையில் ஒற்றினேன். ஒரு குத்து போதும். கல் வந்துவிடும், அதில் சரிந்த தலைக்குட்டை வந்துவிடும், போலோத் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பார். முத்திரையைக் காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது நேர்மை இல்லை, பயம். அந்த வண்டி மலையில் இரண்டாகப் பிளக்கிற சத்தம் என் காதில் கேட்டுவிட்டது. வெளியே வந்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்கே பிடித்துப்போய்விட்டது என்றேன். கிழவர்களுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டே போனாள். அதோடு ஊரில் இன்னொரு பேச்சு சேர்ந்தது.

ஆகஸ்டில் நூர்ஸாத் குழந்தையோடு வந்தாள். வருஷ நாளுக்கு என்னென்ன வேண்டும் என்று பேச வந்ததாகச் சொன்னாள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மீரிம் தார்ப்பாயின் ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சிவப்புக் கார், சிவப்புக் கார் என்று கத்திக்கொண்டு கதவைப் பிடித்து இழுத்தாள். நான் பாய்ந்து போய் அவளை வெடுக்கென்று தூக்கினேன். என் கைப்பிடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. அது நின்றிருந்த வண்டி, உள்ளே உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் தூக்கிவிட்டேன்.

நூர்ஸாத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட்ல ஏத்திப் பாத்துட்டீங்க," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

எனக்கு அப்போதும் புரியவில்லை. பார்த்தேன், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள். குளிர்காலத்தில் மீரிம் பின்சீட்டில் பாலைக் கொட்டிவிட்டாளாம். நாற்றம் அடிக்கிறதே என்று கார்ப்பெட்டைத் தூக்கிக் கழுவப் போனாளாம். பட்டறையில் வளர்ந்த பெண், வெல்டிங்கைப் பார்த்தால் தெரியாதா? எமிலிடம் சொன்னாள். அவனுக்கு வாங்கும்போதே தெரியுமாம். அதனால்தான் சல்லிசாகக் கிடைத்தது, இத்தனை நாள் ஓடவில்லையா என்று சிரித்தானாம். இனி அதில் ஏற மாட்டேன் என்று இவள் சொன்னாள். அப்படியானால் குழந்தையை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவன் கூட்டிக்கொண்டு போனான். குழந்தையைத் தனியாக விட மனமில்லாமல் அடுத்த தடவை இவளும் ஏறிவிட்டாள். மாமனாரிடம் போய் விற்றுவிடச் சொன்னாள். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் எவன் வாங்குவான் என்று அவர் கேட்டார்.

"எங்க அத்தா வாங்குவார்னு நான்தான் சொன்னேன்," என்றாள் நூர்ஸாத். "சம்பந்தி வண்டிய அவர் ஏத்திப் பாக்க மாட்டார்னேன்."

பக்கத்துப் பட்டறையில் கேனா இரும்பு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். நான் தார்ப்பாயை இழுத்துக் காரை மறுபடி மூடினேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. சும்மாவே குடுத்திருப்பேனே பணத்த."

"சொன்னா நீங்க மாமனார்கிட்ட சண்டைக்குப் போவீங்க. இல்ல, சும்மா பணம் குடுப்பீங்க, எமில் அதையும் வாங்கிட்டு வண்டியையும் வச்சுப்பான்." தோளில் கிடந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வேற யாருக்கு வித்தாலும் அவங்க அதை ஓட்டுவாங்க, அத்தா. செத்துப்போவாங்க. நீங்க ஒருத்தர்தான் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க மாட்டீங்க, வாங்கின பிறகு பாக்காம இருக்க மாட்டீங்க. அவன் ஓட்டறப்போ நான் முன்பாதியில, இவ பின்பாதியில. தினமும் அதையே நெனச்சுட்டுப் போவேன்."

"அது உங்கம்மா கல்லுப் பணம்."

"தெரியும். அம்மா இருந்திருந்தா குடுத்திருப்பாங்க."

காலிபா கொடுத்திருப்பாள்தான், கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்திருப்பாள். என் மகள் என்னை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தாள். என் மரியாதை எங்கே ஆரம்பிக்கும், எங்கே முடியும், என் பழக்கம் எந்தக் காலையில் என்னை லிஃப்டுக்குக் கொண்டுபோகும் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். ஒரு பக்கம் எனக்கு நெஞ்சு வெடிக்கிற கோபம். இன்னொரு பக்கம், உலகத்தில் வேறு யாரையும் அவள் இப்படி நம்பியிருக்க மாட்டாள் என்றும் தெரிந்தது. குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டது. தேநீர் போடவா என்று கேட்டேன். போடுங்கள் என்றாள்.

அவள் போன மறுநாள் கேனாவும் நானும் வண்டியை அந்தக் கோட்டிலேயே அறுத்தோம். அரை நாள் ஆகும் என்று நினைத்தேன், ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டது. பழைய இரும்புக்காரன் வந்து இரண்டு பாதியையும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டு போனான். அவன் கொடுத்தது தகரப் பலகைக்குப் புது பெயின்ட் அடிக்கச் சரியாக இருந்தது. என் கையாலேயே காலிபாவின் பெயரை எழுதினேன். முகம் வரைய எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் வருஷ நாள். காலையில் ஆண்களெல்லாம் அடக்கஸ்தலத்துக்குப் போய் ஓதினோம். சுற்றிலும் கறுப்புக் கற்களில் மற்றவர்களின் மனைவிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தகரம். போலோத் மட்டும் அந்தப் பலகையைத் தன் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டு முற்றத்தில் பந்தல், குதிரைக்கறி, இருநூறு பேர். அசான்குல் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். அவர் போர்த்திய நீலவெல்வெட் மேலங்கியைத்தான் நான் போட்டிருந்தேன், அதுதான் முறை. அவரை மேலிடத்தில் உட்கார வைத்து, வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். அதுவும் முறை. நூர்ஸாத் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணங்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்கிற மாதிரி. சரி, அதுவாவது மிச்சம் என்று நினைத்தேன். கல் போனால் போகட்டும், குழந்தை இருக்கிறது.

கறி சாப்பிட்டு முடித்ததும் அசான்குல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"எமில் வேற கார் எடுத்துட்டான் குதா. உங்களுக்குக் காட்டத்தான் அதுலயே வந்தோம். வெள்ளை. பழசைவிட வேகம்."

எந்தப் பணத்தில் என்று நான் கேட்கவில்லை. எங்கே வாங்கினான் என்று கேட்டேன். பழைய காரைக் கொடுத்த அதே ஆளிடம்தான், தெரிந்த ஆள், விலை குறைத்துக் கொடுத்தான் என்றார்.

"இந்தத் தடவை புத்தகம் பாத்துத்தான் எடுத்தான். ஒரு வருஷம்கூட விட்டுப்போகல," என்று தன் மேலங்கிக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இங்க ஓடின வண்டிதான். எல்லாம் உங்க முத்திரை. உங்க பேரைப் பாத்துட்டு அப்புறம் எதுக்குக் குனிஞ்சு பாக்கணும்?"

திறந்தேன். எண்ணெய் மாற்றியது, பிரேக் பார்த்தது, பெல்ட் மாற்றியது. ஆறு வருஷம், பக்கத்துக்குப் பக்கம் நீல வட்டம், 'சபார் உஸ்தா'. மை நிறம்கூடச் சரியாக இருந்தது. எழுத்துகூட அடுக்காக, டிப்போ பழக்கத்தோடு இருந்தது. அந்தக் காரை நான் என் வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை.

தலையை நிமிர்த்தினேன். நூர்ஸாத் கையில் கிண்ணத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்திரையை அவளும் பார்த்திருக்கிறாள். அதனால் இந்தத் தடவை கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. அத்தா பார்த்த வண்டி என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்து, குழந்தையோடு இருபது கிலோமீட்டர் வந்திருக்கிறாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் கையிலிருந்த தேநீர் மடியில் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

நான் எழுந்தேன். என்ன குதா என்றார் அசான்குல். அவர் இடத்தைச் சுற்றிப் போகாமல் விரிப்பின் குறுக்கே, சாப்பாட்டைத் தாண்டி நடந்தேன். வெள்ளைக் கார் வாசலில் நின்றது. பின்சீட்டில் மீரிமின் சின்ன நாற்காலி கட்டியிருந்தது, அதில் ஒரு பொம்மை. தரையில் மண்டியிட்டேன், பிறகு மல்லாந்து படுத்தேன், நீலவெல்வெட்டோடு அப்படியே வண்டிக்கு அடியில் நகர்ந்து போனேன்.

கீழே முழுக்கத் தார். புதுத் தார், ஒரு விரல் கனத்துக்கு, முன்னாலிருந்து பின்னால்வரை பளபளவென்று பூசியிருந்தார்கள். கோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நகத்தால் சுரண்டினேன். வெயிலில் இளகியிருந்தது, சுரண்டச் சுரண்ட இழுபட்டு மறுபடி மூடிக்கொண்டது. சாவியை எடுத்துச் சுரண்டினேன். வண்டியைச் சுற்றிக் கால்கள் வந்து நின்றன. அசான்குல்லின் பளபளப்பான பூட்ஸ், போலோத்தின் பழைய ஷூ. "என் வண்டிக்கு அடியிலயா, எல்லார் முன்னாடியும், சம்பந்தி வண்டிக்கு அடியிலயா?" என்று அசான்குல்லின் குரல் மேலே கேட்டது. எமில் ஏதோ சொன்னான், யாரோ அவனை அடக்கினார்கள். பூட்ஸ் திரும்பி நடந்து போயிற்று.

அதன் பிறகு ஒரு ஜோடி சின்னச் செருப்பு வந்தது. நூர்ஸாத் தரையோடு தரையாகக் குனிந்து, தலைக்குட்டை சரிய, கன்னம் மண்ணில் படுகிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் குழந்தை பொம்மையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"இருக்கா அத்தா?"

என் நகக்கண்ணெல்லாம் தார். சாவி வளைந்துவிட்டது.

"தெரியலம்மா," என்றேன்.